பித்தளைச் சத்தம்

...பஸ்ஸுக்குள் யாரோ சருகை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றுதான் கிளெனிஸ் முதலில் நினைத்தாள், திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் ஒருத்தி மகளுக்குச் சிப்ஸ் பொட்டலம் பிரித்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான், ஒரு பொட்டலத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, உலகம் இத்தனை நாளும் இப்படித்தான் இரைந்துகொண்டிருந்ததா... பஸ் திரும்பும்போதெல்லாம் டிரைவர் பக்கமிருந்து டிக் டிக் டிக், தன் மழைக்கோட்டின் கை உரசுகிற சத்தம், மூக்கு வழியாகத் தன் மூச்சு போய்வருகிற சத்தம், அறுபத்து நாலு வயதில் தன் மூச்சைத் தானே கேட்டுத் திடுக்கிட வேண்டுமா ஒருத்தி? காதுக்குப் பின்னால் அவரை விதை அளவில் இரண்டு கருவிகள், தலைமுடியை இழுத்து மறைத்தாயிற்று, மறைத்து என்ன, மடியில் இருக்கிற உறைக்குள் அந்தக் காகிதம் இருக்கிறதே, அதை எதைக் கொண்டு மறைப்பது.

டட்லி கடைத்தெருவில் காது பார்க்கிற அந்தப் பெண் நல்ல மாதிரிதான், காகிதத்தைத் திருப்பி வைத்துக் காட்டினாள், ஒரு கோடு மேலே சமதரையாக வந்து பாதியில் திடீரென்று பள்ளத்தில் விழுந்தது. "இங்க வரைக்கும் ஒண்ணும் குறையில்லீங்க, பேச்சு, கிட்டார், பாஸ் கிட்டார் எல்லாம் கேட்கும், இதுக்கு மேல உச்சத்துல இருக்கிற சத்தம்தான் போயிடுச்சு, இடது காது பரவாயில்ல, வலது ரொம்ப மோசம்," என்றாள். பறவை, சாவிக்கொத்து, சின்ன மணி என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, "சிம்பல்?" என்று கேட்டாள் கிளெனிஸ். "டிரம்ஸ்ல இருக்குமே, அந்தப் பித்தளைத் தட்டா? அதுதாங்க முதல்ல போயிருக்கும்." எத்தனை வருஷமாக? "சொல்ல முடியாது, பத்து வருஷம்கூட ஆகியிருக்கலாம், மெதுவாத்தான் போகும், போறது தெரியாது. மூணு நாள் இதை மாட்டிப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல." அவசரமில்லையாம். இன்றைக்கு மூன்று மணிக்கு த்ரீ நெயில்ஸ் பப்பில் லேடில் பேண்ட் வாசிக்கிறது, இவள் அவசரமில்லை என்கிறாள்.

காது என்றால் கிளெனிஸின் காதுதான் காது என்று அவளுடைய ஊரான டிப்டனில் ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சில் அவளும் நாற்பது வருஷமாகக் குளிர் காய்ந்துவிட்டாள், இல்லையென்று சொல்ல முடியுமா? பதினேழு வயதில் பர்மிங்ஹாமுக்குப் பஸ் ஏறியவள், அன்று முதல் எந்த ஊர், எந்த அரங்கம் ஆனாலும் முன்வரிசையில் வலது கோடி, ஸ்பீக்கர் அடுக்குக்குக் கைகெட்டும் தூரம், அங்கே நின்றால்தான் கிட்டார் நெஞ்செலும்பில் இறங்கும், பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பாள், கல்யாண விருந்துக்கு வாயைத் தைத்துக்கொண்டு வருவார்களா... அவளுக்கென்று சட்டங்கள் உண்டு, எந்த பேண்டைப் பார்க்கப் போகிறோமோ அந்த பேண்டின் பனியனைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, முதலில் வாசிக்கிற பொடி பேண்டை நின்று கேட்க வேண்டும், பெரியவர்கள் வருகிறவரை பாரில் பீர் குடித்துக்கொண்டிருப்பவன் ரசிகனே இல்லை. உச்சஸ்தாயிக்குப் போக முடியாத பாடகன்தான் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவான். கிட்டார் வாசிக்கிறவன் முகத்தைக் கோணினால் விரலில் சரக்கு இல்லை என்று அர்த்தம். கடைசிச் சுற்றுப்பயணம் என்று ஒரே பேண்ட் அவளிடம் மூன்று முறை விடைபெற்றிருக்கிறது, மூன்று முறையும் அழுதிருக்கிறாள், அது வேறு விஷயம். நாற்காலி போட்டு உட்காரவைத்து ராக் கேட்கச் சொல்கிற அரங்கத்தைக் கொளுத்த வேண்டும். இதையெல்லாம் அவள் சொன்னால் த்ரீ நெயில்ஸில் கண்ணாடிக் கோப்பை துடைக்கிற கைகூட நிற்கும், லேடிலின் கிட்டார்காரன் நெவில் வாசித்து முடித்து வியர்வையோடு நேராக அவளிடம்தான் வருவான், எப்படி இருந்தது என்று, அவள் சொன்ன பிறகுதான் அவன் பெண்டாட்டியையே பார்ப்பான்... லேடில், வார்ப்பாலையில் இரும்புக் குழம்பு மொள்ளுகிற அகப்பை, பேண்டின் மூன்று பேரும் அங்கே வேலை பார்த்தபோது வைத்த பெயர், வெளியூர்க்காரர்கள் சூப் கரண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள், லண்டன்வரை ஒரு முறை போனார்கள், அதற்கு மேல் போகவில்லை, ஆனால் ராய்ஸ்டன் டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டால் அந்த ஊர் பெரிய பேண்டுகளெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த ராய்ஸ்டனைத்தான் அவள் கேட்டாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பது பேர் நடுவில்... பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அவனுடைய முதல் சிம்பலைப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனவள் அவள், அந்த உரிமைதான், வேறென்ன. "என்ன ராய், சிம்பலை அடிக்கிறியா, துடைக்கிறியா? வீட்டு அலமாரிகூட இதைவிடச் சத்தம் போடும்." பப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, அவளையே ஒரு கணம் பார்த்தான், "சத்தம் வரலியா கிளென்?" என்றான். "வந்தாத்தானே சொல்வேன்," என்றாள். நாக்கில் நரம்பில்லை அவளுக்கு. அடுத்த சனிக்கிழமை அவன் இன்னும் ஓங்கி அடித்தான், அதற்கடுத்த சனிக்கிழமை அதைவிட, ஒவ்வொரு அடிக்கும் பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான், கோபத்தில் முறைக்கிறான் என்று நினைத்து அவளும் விடாமல் உதட்டைப் பிதுக்கினாள், இல்லை, போதாது... எட்டு மாதம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பாட்டு நடுவிலேயே அவனுடைய வலது கை தொங்கிவிட்டது, தோள் நரம்பு கிழிந்ததாம், டாக்டர் இனி டிரம்ஸ் கிடையாது என்றுவிட்டார். நாற்பது வருஷம் உட்கார்ந்த இடத்தில் அவன் மகள் ஜெம்மா உட்கார்ந்தாள். போன மாதம் அவளையும் விட்டாளா? "அப்பனுக்குப் பொண்ணு தப்பாம பொறந்திருக்கு, இவளுக்கும் சிம்பல்னா பயம்," என்றாள், அந்தப் பெண் முகம் சுண்டிப் போயிற்று. நேற்று நெவில் போன் பண்ணி, "நாளைக்கு வந்து நல்லாக் கேளு கிளென், ஜெம்மாவை வச்சுக்கறதா வேற ஆளைப் பாக்கறதான்னு முடிவு பண்ணணும், உன் காது சொல்றதுதான்," என்றான். அதற்காகத்தான், தீர்ப்புச் சொல்கிற காது சுத்தமாக இருக்கட்டும் என்று அழுக்கெடுக்கத்தான் இன்று காலை அந்தக் கடைக்குள் நுழைந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலென்று சொன்னதோடு விட்டாளா, கூடத்தைக் கட்டினவன் கையையும் அல்லவா முறித்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே, முகத்துக்கு நேரே, ராய், தப்பு உன் கையில் இல்லை, என் காதில்... எப்படி ஆரம்பிப்பது, சிரித்துக்கொண்டா? சிரித்துச் சொல்கிற விஷயமா இது. மன்னித்துவிடு என்றால் அவன் தோள் ஒட்டிக்கொள்ளுமா? சொல்லாமலே விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஜெம்மா பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமே... சே, என்ன மனுஷி நீ. பஸ்ஸை விட்டு இறங்கினாள், மழை கால்வாய்த் தண்ணீரில் விழுவது ஒவ்வொரு துளியாகக் கேட்டது, அதைக் கேட்டு ரசிக்கக்கூட மனசில்லை. பப்பின் கதவைத் தள்ளியதும் சத்தம் முகத்தில் அறைந்தது, கோப்பைகள், நாணயங்கள், பக்கத்தில் ஒருத்தர் பன்றித்தோல் வறுவலைக் கடிப்பது ஜல்லி உடைப்பது போல, ஒரு நிமிஷம் வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது. வழக்கமான ஸ்டூல், மேடைக்கு எதிரே, தூணை ஒட்டி, அதன் வலது பக்கத்து ஸ்டூலில் வழக்கம்போல் கோட்டையும் பையையும் வைத்தாள், இடது பக்கம் ராய்ஸ்டனுடையது, இன்னும் வரவில்லை. மேடையில் நெவில் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், ஜெம்மா பார்க்கவே இல்லை, குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள், அவளுடைய காது மடல் சிவந்திருந்தது.

ஒன்று, இரண்டு என்று குச்சிகள் தட்டின, அதுவே கேட்டது, பிறகு ஜெம்மாவின் கை அந்தப் பெரிய தட்டின் மேல் இறங்கியது... கடவுளே. பித்தளை விரிந்தது, விரிந்து கூரைவரை போய் மெதுவாகக் கீழே வந்தது, அதற்குள் அடுத்த அடி, கிட்டாருக்கு மேலே, குரலுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெளிச்சம் மாதிரி, ஓரத்தில் தட்டினால் ஒன்று, குமிழில் தட்டினால் வேறொன்று, இது எங்கே போயிருந்தது இத்தனை நாள், இந்தப் பெண் இப்படியா வாசிக்கிறாள், ஒவ்வொன்றும் அப்பனிடமிருந்து வந்தது, அந்தக் குமிழ்த்தட்டல் ராய்ஸ்டனுடையது, பதினெட்டு வயதில் அவன் வீட்டுப் பின்கட்டில் பயிற்சி பண்ணிக் கண்டுபிடித்தது... கிளெனிஸ் தன்னை அறியாமல் கட்டைவிரலை உயர்த்தினாள், நெவில் தலையசைத்தான், ஜெம்மா அப்போதுதான் பார்த்தாள், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். சரி, இவளுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் ராய்ஸ்டன் கடைசியாக வாசித்த அந்த எட்டு மாதம்? மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாளே, அது எதையுமே அவள் கேட்கவில்லை, இனி எந்தக் கருவி மாட்டினாலும் கேட்க முடியாது, அது போனது போனதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

"எப்படி இருக்கா எம் பொண்ணு?" இடது காதுக்குள் ஒரு இடி, துள்ளி விழுந்தாள், கை தானாகக் காதுக்குப் போயிற்று. ராய்ஸ்டன். பீர்க் கோப்பை இடது கையில், வலது கை கோட்டுப் பைக்குள். "ஏன்டா இப்படிக் கத்துற?" என்றாள், "பழக்கம்," என்றான் அவன், சொல்லும்போதே அவன் கண் அவளுடைய கையைப் பார்த்தது, கைக்கடியில் விலகின முடியை, முடிக்கடியில் இருந்த அவரை விதையைப் பார்த்தது. இப்போது சொல்லிவிடு, இதுதான் நேரம், ராய், நான்... வாய் திறந்தாள். அதற்குள் அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்தான், வலது பக்கத்து ஸ்டூலிலிருந்த கோட்டையும் பையையும் எடுத்துத் தன் இடத்தில் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டான்.

இந்தப் பக்கம், அவளுடைய வலது காதுப் பக்கம், அவன் உட்கார்ந்ததே இல்லையே. எத்தனை வருஷமாக... கூட்டத்தில் இரண்டு பேரை இடித்துக்கொண்டாவது இடது பக்கம்தான் வந்து நிற்பான், தெருவில் நடந்தாலும் இடது பக்கம், அவன் மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட கல்லறையில் அவளுக்கு இடது பக்கம்தான் நின்றான், ஏதோ கோணங்கித்தனம் என்று நினைத்திருந்தாள். அப்படியானால் அவள் காது போனது அவனுக்குத் தெரியுமா? அன்றைக்கு, அலமாரி என்று சொன்ன அன்றைக்கே தெரியுமா? தெரிந்தால், கோளாறு உன் காதில் என்று ஒரே வார்த்தை சொல்லி அந்த முப்பது பேரையும் அவள் பக்கம் திருப்பிச் சிரிக்க வைத்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை, கேட்காதவள் முன்னால் எதற்காக அப்படி ஓங்கி ஓங்கி... ஒவ்வொரு அடிக்கும் பிறகு நிமிர்ந்து பார்த்தானே, அது முறைப்புத்தானா?

ஜெம்மா இரண்டு தட்டுகளையும் ஒன்றாக அடித்தாள். கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்க, அவன் வலது தோள் ஒரு இழை எழும்பி அடங்கியது. அந்த ஓசை முழுசாகத் தேய்ந்து போகிறவரை காத்திருந்து, அவள் பக்கம் திரும்பாமலே, கத்தாமல், சாதாரணக் குரலில் ராய்ஸ்டன் கேட்டான்: "கேக்குதா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.