வேப்பம்பட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. மின்சாரக் காருக்கு மாறுவதைப் பற்றியும், அதை வீட்டிலேயே சார்ஜ் செய்வதைப் பற்றியும் ஒரு மாத இதழில் எழுதக் கேட்டிருந்தார்கள். என்னிடம் கார் கிடையாது. அம்பத்தூரில் ஒரு ஃபிளாட்டும், அலுவலகம் போய்வரக் கூப்பிடுகிற டாக்ஸியும்தான் உண்டு. இருந்தும் ஒப்புக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

"பெட்ரோல் வண்டிக்காரர் எரிபொருளைத் தேடிப் போகிறார், மின்சார வண்டிக்காரரோ தன் வீட்டிலேயே"

அதற்கு மேல் நகரவில்லை. தன் வீடு என்றால் யாருடைய வீடு? மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கேள்விகளை என் தலைக்குள் போட்டவர் கிருபாகரன். முத்தாபுதுப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பல வருடம் டீசல் டாக்ஸி ஓட்டிவிட்டு மின்சாரக் காருக்கு மாறியவர். வாரத்தில் சில நாள் என்னை அலுவலகத்தில் கொண்டுபோய் விடுவார். சத்தமில்லாத வண்டி என்பதால் அவர் பேசுவது பின்சீட்டில் தெளிவாகக் கேட்கும். கட்டுரைக்கு ஒரு வரி கிடைக்கட்டும் என்று, வீட்டில் சார்ஜ் போடுவது வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஊட்லயா? ஊட்ல போட முடிஞ்சிருந்தா நான் எங்கக்கா மூஞ்சியப் பாத்தே இருக்க மாட்டேன் சார்," என்றார்.

கட்டுரை அங்கே நின்றது.

2

கதையின் முதல் வரியாக நான் எழுதியது: "வேப்பம்பட்டுத் தெருவில் வெயில் ஒரு"

வெயில் ஒரு என்ன என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கிருபாகரன் வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பிளக் இருந்தது. பழைய ஒயரிங். அதில் காரைச் சொருகினால் கொஞ்ச நேரத்தில் சுவர் சூடாகி, பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். ஒருநாள் பிளக்கே உருகி ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி யுவராணி மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இனிமே இத்த இந்த ஊட்ல சொருவாத. தனி மீட்டர் வாங்கு, தனி ஒயர் போடு. அதுவரிக்கும் எங்கனா போயி ஏத்திக்கினு வா."

எங்காவது என்றால் பூந்தமல்லி சாலையில் இருக்கிற சார்ஜிங் இடங்கள். அங்கே எப்போதும் நாலு டாக்ஸிகள் முன்னால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கழியும். தனி மீட்டருக்கு மின்சார அலுவலகத்துக்குப் போனார். இணைப்பு இறந்துபோன அம்மா சொர்ணத்தின் பெயரில் இருக்கிறது, பெயரை மாற்ற வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்களாம்.

(இந்த விதி சரிதானா என்று நான் விசாரிக்கவில்லை. கட்டுரை என்றால் விசாரித்திருப்பேன்.)

வாரிசுகள் இரண்டு பேர். கிருபாகரன் ஒருவர். இன்னொருவர் அவருடைய அக்கா பூங்காவனம். வேப்பம்பட்டில் இருக்கிறார். அக்காவின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுப்போன பேச்சு. அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறது.

3

பேச்சு ஏன் விட்டுப்போனது என்பதைக் கதையின் நடுவில் திடீரென்று வெளியிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படி மறைத்துவைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பூங்காவனமும் அவர் கணவர் நாகப்பனும் அதே வீட்டின் பின்பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். மீட்டர் ஒன்றுதான். நாகப்பன் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். யார் அதிகம் கரண்ட் இழுக்கிறார்கள் என்று வாய்ச்சண்டை வந்தது. கத்திரி வெயில் காலம். இருபதுகளில் இருந்த கிருபாகரன், பின்பக்கத்துக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருவண்ணாமலை சவாரிக்குப் போய்விட்டார். மறுநாள் மாலை திரும்பியபோது பின்பக்கம் காலியாக இருந்தது.

"பையில கீறதே மறந்துட்டேன் சார். ஆரணி தாண்டி சில்லறை எடுக்கச் சொல்லோ கைல தட்டுப்பட்டுச்சு."

"அப்பவே திரும்பியிருக்கலாமே?"

"சவாரி கீதே."

(இதற்குப் பிறகு, இவர் எப்படிப்பட்டவர் என்று விளக்குகிற ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அந்தப் பதிலுக்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை.)

அம்மா இறந்தபோது பூங்காவனம் வந்தார். குழந்தையைக் கூட்டிவரவில்லை. பெண்களோடு நின்று அழுதார். உடலை எடுத்ததும் ரயில் ஏறிப் போய்விட்டார். தம்பி பக்கம் திரும்பவில்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குத்தம்பாக்கத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, திருநின்றவூர் வழியாக வேப்பம்பட்டுக்குப் போனார். வழியில் சார்ஜ் போட நினைத்த இடத்தில் மிஷின் வேலை செய்யவில்லை. விசாரித்து விசாரித்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியபோது, முன்னால் இருந்த திரையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் நான் என் பாத்திரத்தைச் சந்தேகிக்கிறேன். வண்டியை நம்பிப் பிழைக்கிறவர் இவ்வளவு தூரம் சார்ஜை இறங்கவிடுவாரா? கையெழுத்தை மறுத்தால் உடனே திரும்பவேண்டி வரும். வண்டி ஓடாவிட்டால் திரும்ப முடியாது. தெரிந்தேதான் அப்படிப் போனாரா? கேட்டேன்.

"மிஷின் ரிப்பேர் சார்," என்றார். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்ஸி ஓட்டுகிறவர் வேறு எதைப் பார்ப்பார்?

அந்த மிஷினைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

பூங்காவனம், தண்ணீர் லாரி வந்துபோன வாசலிலிருந்து குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த குடத்தை உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"இன்னா?"

"அம்மா பேர்ல கீற மீட்டர மாத்தணும்க்கா. உன் கையெழுத்து ஓணும்."

"எதுக்கு?"

"காருக்கு சார்ஜ் போட."

"போட மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லையாம். காய்கறி வண்டிக்காரரிடம் இன்றைக்கு வேண்டாம் என்பதுபோலச் சொன்னாராம். கிருபாகரன் போய் வண்டியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மறுபடி இறங்கினார். முதல் தடவை கேட்டதைவிட இரண்டாவது தடவை கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது என்றார்.

"அக்கா. வண்டி ஊடு வரிக்கும் போவாது. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டா?"

பூங்காவனம் அவரையே பார்த்தார்.

"எங்கிட்ட வந்து கரண்டு கேக்கற," என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "யாரும்மா?"

"டாக்ஸிக்காரரு. வண்டி நின்னுபோச்சாம். ஏசி பிளக்குல சொருவிக்கச் சொல்லு."

5

அந்தப் பெண்தான் கவிப்பிரியா. அவளுக்கு இவர் தாய்மாமன். காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை முதல் சீர்வரிசை வைக்கவேண்டியவர். அவளோ அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க அண்ணா," என்றாள்.

ஜன்னல் வழியாகக் கேபிளை வாங்கிச் சொருகினாள். கிருபாகரன் ஏதோ சொன்னார். அவள் தலையைத் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க அண்ணா. அந்தக் காது கேக்காது."

எழுந்து மறுபக்கம் போனார். "ஏசி பிளக்கு கீது, ஏசி காணமேன்னு கேட்டேம்மா."

"எந்த ஊட்டுக்குப் போனாலும் அம்மா மொதல்ல பெரிய பிளக்கு போடச் சொல்லும். ஏசி அப்புறமா வாங்கிக்கலாம்னு. இன்னும் வாங்கல." சிரித்தாள். "நான் கைக்கொழந்தையா இருக்கச் சொல்லோ ஒரு ஊட்ல கரண்ட கட் பண்ணிட்டாங்களாம். புழுக்கத்துல ஜுரம் வந்து, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரில கெடந்தனாம். அதுலதான் இந்தக் காது போச்சுன்னு அம்மா சொல்லும்."

"யாரு கட் பண்ணாங்க?"

"ஊட்டுக்காரங்க."

இந்தக் காதைக் கதையிலிருந்து எடுத்துவிட நினைத்தேன். குற்றத்துக்குச் சரியாக அளவெடுத்துத் தைத்த தண்டனை மாதிரி இருக்கிறது, வாசகர் நம்பமாட்டார். தெரிந்த மருத்துவர் ஒருவரிடமும் கேட்டேன். ஓரிரவுப் புழுக்கத்தால் காது போகாது, குழந்தைக்கு ஏற்கெனவே காய்ச்சல் தொடங்கியிருக்கும், சில வகைக் காய்ச்சலில் காது போவதுண்டு என்றார். அடுத்த சவாரியில் இதைக் கிருபாகரனிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கக்காகிட்ட சொல்லுங்க சார்," என்றார்.

மத்தியானம் கவிப்பிரியா ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்தே சாப்பிட்டார். பூங்காவனம் வெளியே வரவில்லை.

6

நாகப்பன் ஓவர்டைம் முடிந்து மத்தியானத்துக்கு மேல் வந்தார். இந்தக் காட்சியை இரண்டு விதமாக எழுதினேன்.

முதல் பிரதியில் நாகப்பன் வாசலில் நின்று, "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க?" என்கிறார். கவிப்பிரியா கேட்காத காதின் பக்கமாக நிற்கிறாள். அவளுக்கு விழுவதில்லை. உண்மை அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. எழுதி முடித்து எனக்கு நானே திருப்திப்பட்டுக்கொண்டேன். அதைக் கிருபாகரனுக்குப் படித்தும் காட்டினேன்.

"நல்லாக்கீது சார். ஆனா அப்பிடி இல்ல. அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

அவள் கேட்டாள். "மச்சானா?" என்று அப்பாவைப் பார்த்தாள். நாகப்பன் மனைவியைப் பார்த்தார். பூங்காவனம் கதவருகே வந்து நின்றார்.

"உன் மாமன்தான். நான் சொன்னேனே, ஊட்டுக்காரங்கன்னு. அது இவுருதான்."

கவிப்பிரியா உள்ளே போனாள். ஜன்னல் வழியாக அவள் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அணைக்கப்போகிறாள் என்று கிருபாகரன் கேபிளைக் கழற்ற எழுந்தார்.

"எவ்ளோ ஏறிக்கீது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

எட்டிப் பார்த்தார். "பாதிகூட ஏறல."

"முழுசா ஏறட்டும். அப்புறம் போங்க."

அந்தப் பிளக்கில் முழுதாக ஏற இருட்டிவிடும். இருந்தார். நாகப்பன் பாட்டரியைப் பற்றி விசாரித்தார். இவர் பதில் சொன்னார். மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் நானும் கேட்டேன். அக்காவுக்கு எதிரே போய் நின்றாராம். வாசலில் மீதியிருந்த குடங்களைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாராம்.

(அவர் அக்காவின் காலில் விழுவதாகவும் எழுதிப் பார்த்தேன். "நான் வுழுந்தா எங்கக்கா தாண்டிகினு போயிடும் சார்," என்றார். அடித்துவிட்டேன்.)

7

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். பிரச்சினை என்னவென்றால், கிருபாகரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேப்பம்பட்டுக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும். பூந்தமல்லி சாலையில் வரிசையில் நின்றாலும் சீக்கிரம் ஏறிவிடும். அக்கா வீட்டுப் பிளக்கில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தெரிந்தே போகிறார். நாற்காலி இப்போது வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. கவிப்பிரியா மாமா என்று கூப்பிடுகிறாள். கூப்பிடுமுன் கொஞ்சம் நிறுத்துகிறாள். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கேட்கும் என்று இவருக்குப் பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு பூங்காவனமே கேட்டார். "அந்தப் பேப்பரு இன்னா ஆச்சு? எட்துக்கினு வா, போட்டுக் குடுக்கறேன்."

"மறந்துட்டேன்க்கா."

மறு ஞாயிறும் மறந்தார்.

கையெழுத்து வந்தால் மீட்டர் வரும். மீட்டர் வந்தால் தன் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பிறகு எதற்காக வேப்பம்பட்டு? சும்மா போகலாமே என்றேன். சும்மா எப்படிப் போவது என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

யுவராணிக்கு இது பிடிக்கவில்லை. "கையெழுத்து வாங்கப் போன ஆளு. ஞாயித்துக்கெழம பூரா அங்கயே கீற. நான் ஒருத்தி ஊட்ல இன்னாத்துக்கு?" என்றாராம். இந்த வாரம் அந்தப் பேப்பரைத் தானே கைப்பையில் வைத்துக்கொண்டு, தானும் வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முடிவுகள் தயாராகத்தான் இருக்கின்றன. பூங்காவனம் கையெழுத்துப் போடுகிறார், முத்தாபுதுப்பேட்டையில் புது மீட்டர் சுற்றுகிறது: இதழ்க்காரர்களுக்கு இது பிடிக்கும். போட மறுக்கிறார்: கிருபாகரன் வெளியே வருத்தப்பட்டுக்கொண்டு உள்ளே நிம்மதியடைவார். போட்டும் கொடுக்கிறார், இவர் அதற்குப் பிறகும் வருகிறார்: எனக்குப் பிடித்த முடிவு இதுதான், இதைத்தான் நான் கொஞ்சமும் நம்பவில்லை.

வண்டி வாசலில் வந்து நிற்கிறது. யுவராணி கைப்பையைத் திறக்கிறார். பூங்காவனம் பேப்பரை வாங்கி, கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி மகளை அனுப்பிவிட்டு, தம்பியைப் பார்த்து

இந்த வாக்கியத்தை இதுவரை ஆறேழு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் வாயில் வருவது கிருபாகரனுக்கு வேண்டியதாகவோ, யுவராணிக்கு வேண்டியதாகவோ, எனக்கு வேண்டியதாகவோ இருக்கிறது. பூங்காவனத்துக்கு என்ன வேண்டும் என்று இந்தக் கதையில் யாரும் இதுவரை கேட்கவில்லை. நான் அவரைப் பார்த்ததும் கிடையாது.

நீங்கள் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லும்வரை நான் எழுதப்போவதில்லை.