முன்காலின் சத்தம்

எதிரணிச் சிறுமி முன்காலால் தரையில் டப்பென்று ஒரு தட்டு தட்டினாள். உடனே எங்கள் பிள்ளை பாய்ந்தாள். பாய்ந்தவளின் வாள் காற்றைக் குத்தியது. காத்திருந்தவளின் வாள் எங்கள் பிள்ளையின் நெஞ்சில் பட்டு வில்லாக வளைந்து நின்றது. அவளுக்குப் புள்ளி என்று விளக்கு எரிந்தது. அடுத்த புள்ளிக்கும் அதே தட்டல், அதே பாய்ச்சல், அதே விளக்கு. பக்கத்துக் களத்தில் எங்கள் கிளப்பின் இன்னொரு பிள்ளையும் இதே மாதிரி சாவி கொடுத்த பொம்மை போலத் துள்ளிக்கொண்டிருந்தது.

நான் களத்தின் ஓரத்தில் பழுதுபார்க்கும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாள்வீச்சு தெரியாது. வாள்களைத்தான் தெரியும். முனையில் உள்ள சுருள்வில்லை மாற்றுவேன், அலகின் பள்ளத்தில் ஓடும் மெல்லிய கம்பியை ஒட்டுவேன், விளக்கு எரியாவிட்டால் எரிய வைப்பேன். கோச் என் மனைவி. துணைக் கோச் என் தங்கை. இப்படி இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று எங்களை நார்நாராகக் கிழித்தது மாடி கிளப். ஒரு மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் பயிற்சி எடுப்பவர்கள். அவர்களுடைய கோச் நெட்டையாக, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேனில் வீடு திரும்பும்போது மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“நம்ம பசங்க கால் சத்தத்துக்குப் பாய்வாங்கன்னு எனக்கே தெரியாது. ஒட்டகத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பின்சீட்டில் தங்கை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, தூங்குவது போல் இருக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். இமை அசைந்தது.

அவள் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்தவள். குழந்தைகளுக்கான பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று வாள்வீச்சுச் சங்கம் நடத்தும் இணையப் படிப்பில் சேர்ந்திருந்தாள். அதில் வீடியோக்கள் உண்டு, விளையாட்டாகக் கால் அசைவுகளைச் சொல்லிக்கொடுக்கும் முறைகள் உண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள் உண்டு. படித்துக்கொண்டே ஒரு கிளப்பில் துணைக் கோச்சாக வேலையும் பார்த்தால்தான் சான்றிதழ். மனைவிக்கு அந்தப் படிப்பு கேலிப்பொருள்.

“என்ன, இன்னிக்கு எந்த வீடியோல வாள் சுத்துன? சிக்னல் நல்லா கிடைச்சுதா?” என்பாள்.

“கிடைச்சுது அண்ணி. நடுவுல விளம்பரம் வந்துச்சு, அதையும் கத்துக்கிட்டேன்” என்பாள் இவள்.

சிரிப்பார்கள். ஆனால் போட்டிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்ததையெல்லாம் மனம் கோக்கத் தொடங்கியது. தங்கை அடிக்கடி மனைவியின் பாடங்களைப் போனில் படம் எடுத்ததை, நான் பக்கத்தில் போனால் திரையைக் கவிழ்த்துவைத்ததை, போட்டியன்று தண்ணீர்க் குழாயருகே அவளும் ஒட்டகமும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்று பேசியதை. என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒட்டகம் குனிந்து, தாகமே இல்லாதவர் போல ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

குழாயடி விஷயத்தை மனைவியிடம் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் துவைத்த வெள்ளைச் சட்டைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையின் கை மாட்டப்படாமல் தொங்கியது.

“உங்க தங்கச்சிதானே, நீங்களே சொல்லிடுங்க. இந்த வாரத்தோட கிளப்புக்கு வர வேண்டாம்னு.”

“கிளப் இல்லேன்னா அவளுக்குச் சான்றிதழ் கிடைக்காது. இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கா.”

“அதை நம்ம பாடத்தைக் கொண்டுபோய் விக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

விற்றாள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் தானே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. தங்கை காய் நறுக்கினால் ஏன் இவ்வளவு அமைதியாக நறுக்குகிறாள் என்று தோன்றியது. பாட்டு முணுமுணுத்தால் எதை மறைக்க முணுமுணுக்கிறாள் என்று தோன்றியது.

“அந்தப் படிப்பை எனக்கும் கொஞ்சம் காட்டேன்” என்றேன் அவளிடம்.

“உனக்கு எதுக்குண்ணா? உனக்குக் கொட்டாவிதான் வரும்” என்று போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கிளப்பில் உதவிக்கு இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் அந்தப் படிப்பில் சேரலாம் என்று இருந்தது. என் பெயரில் சேர்ந்துவிட்டேன். பழுதுபார்க்கும் மேசையில் ஒரு வாளைப் பிரித்துப் போட்டு, அதற்குப் பின்னால் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு பார்த்தேன். கொட்டாவி வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தூரத்தைப் பற்றி விளக்கக் கூடாது, துரத்திப் பிடிக்கும் விளையாட்டு கொடுங்கள் என்றது ஒரு பாடம். தோற்ற பிள்ளையிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்றது இன்னொன்று. என் மனைவி கேட்காத கேள்வி அது.

கோச் ஒரே ஒரு பிள்ளையோடு நின்று எடுக்கும் தனிப்பாடம் பற்றிய பகுதிக்கு வந்தேன். கோச் தன் வாளை ஒதுக்கி நெஞ்சைத் திறந்து காட்டுவார். அந்தத் திறப்பைக் கண்ணால் பார்த்துப் பிள்ளை பாய வேண்டும். இதில் பயிற்சியாளர்கள் அறியாமல் செய்யும் தவறு என்று ஒரு வீடியோ வந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிற படம். ஒரு கால் டப்பென்று தட்டுகிறது, பிறகுதான் வாள் விலகுகிறது. மறுபடி டப். பிள்ளை வாளைப் பார்க்கவில்லை, சத்தத்துக்குப் பாய்கிறாள் என்று ஒரு குரல் விளக்கியது.

அந்தக் காலணியின் முனையில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. கம்பிகளுக்குச் சுற்றும் நாடா. நான் சுற்றியது.

அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டிருக்கிறேன். மின்விசிறிச் சத்தம் போல அது என் காதுக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன் பயிற்சிக் கூடத்தில் மனைவியிடம் போனை நீட்டினேன். பார்த்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள். மூலையில், வாள் படாமல் முகத்தில் மாட்டும் முகக்கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கை துணியைக் கீழே வைத்தாள்.

“இது என் கால்தானே?” என்றாள் மனைவி.

“ஆமா அண்ணி.”

“ஊர்ல இருக்கிற கோச் எல்லாம் என் காலை வெச்சுப் பாடம் படிக்கிறான். அப்படித்தானே?”

“ஒரு பாடத்தைப் படம் எடுத்து அனுப்பணும்னு வீட்டுப்பாடம் கொடுத்தாங்க. உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன், நீங்க தலையாட்டுனீங்க. முகத்தை வெட்டிட்டுத்தான் அனுப்பினேன். அந்தப் படிப்புல வீட்டுப்பாடத்தைத் திருத்துறவர் ஒட்டகம்தான். அவர்தான் கண்டுபிடிச்சார். அதை எடுத்துப் பாடத்துலயே போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“அவன் கண்டுபிடிச்சதை வெச்சு அவன் பசங்க நம்ம பசங்களை அடிச்சாங்க. குழாயடியில அதுக்குத்தான் வாழ்த்து சொன்னியா?”

“சண்டை போட்டேன்! இது நியாயமான்னு கேட்டேன். காலைத் தட்டுறது விதியில இருக்கு, உங்க பசங்க ஏன் ஏமாறணும்னு கேட்டார்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒரு நாள் ஆரம்பிச்சேன். ‘வந்துட்டா, வீடியோ டாக்டர்’னீங்க. அதோட விட்டுட்டேன்.”

“கிண்டல் பண்ணா விட்டுடறதா? கையைப் பிடிச்சு இழுத்துச் சொல்லியிருக்கணும். பசங்க தோத்தாங்களே!”

தங்கை தலை குனிந்தாள். “அது தப்புதான்” என்றாள். “என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. அண்ணன் ரெண்டு நாளா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்து திறந்து மூடுறான்.”

நான் ஒரு வாளை எடுத்து, நன்றாக இருந்த முனையைத் திருகத் தொடங்கினேன்.

மனைவி எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வீடியோவையும் நம்பவில்லை, தங்கையையும் நம்பவில்லை. பிள்ளைகள் வந்ததும், புயல் என்று நாங்கள் கூப்பிடும் சிறுமியை அழைத்தாள். கிளப்பிலேயே ரொம்ப நிதானமான பிள்ளை என்பதால் அந்தப் பெயர். கால் சத்தம் கேட்காதபடி மனைவி தடித்த பஞ்சு மெத்தையை விரித்து, காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன் மேல் நின்றாள்.

வணக்கம் வைத்துக்கொண்டார்கள். மனைவி வாளை ஒதுக்கினாள். நெஞ்சு முழுக்கத் திறந்து கிடந்தது. புயல் நகரவில்லை. மனைவி வாளால் நெஞ்சை மறைத்து மீண்டும் திறந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரையோ வரவேற்பது போல அப்படியே நின்றாள். கூண்டுக்குள்ளிருந்து புயலின் குரல் பணிவாகக் கேட்டது.

“கோச், ஆரம்பிச்சாச்சா?”

மனைவி முகக்கூண்டைக் கழற்றினாள். வியர்த்திருந்தது. யாரையும் பார்க்காமல் தங்கையிடம் வாளை நீட்டினாள்.

“நீ எடு. நான் இங்க உக்காந்து பாக்குறேன். இவளை மறுபடி கண்ணால பாக்க வை.”

“அப்ப நான்...”

“முதல்ல பாடத்தை எடு. மீதியை அப்புறம் பேசலாம்.”

தங்கை மெத்தையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சத்தம் கேட்கும் தரையிலேயே நின்றாள். கால் அசையவில்லை. வாளை மெல்ல விலக்கிக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்தது போலப் புயல் கையை நீட்டி, தயங்கித் தயங்கி வாள்முனையால் தொட்டாள். அடுத்த முறை கொஞ்சம் வேகமாக. மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மனைவி என் மேசையில் சாய்ந்து, திருடனைப் பார்க்கும் கண்ணோடு தங்கையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலை. பிறகு இடுப்பை. பிறகு என் காதில், “பாத்தீங்களா, திறக்கிறதுக்கு முன்னாடி இடது தோளைத் தூக்குறா” என்றாள்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், ஒரு மயிரிழை, தோள் எழுந்து இறங்கியது. புயலின் முகக்கூண்டும் அந்தத் தோளின் பக்கம்தான் திரும்பியிருந்தது.

“பாடம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருக்கியா?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து களத்துக்குள் போய், தங்கையின் இடது தோளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இப்போ திற” என்றாள்.