வெளியாள் என்று யாரைச் சொன்னேன்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸில் பிறந்தது. எழுதியவன் நான். ஊரடங்கின்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.' மூன்றே சொற்கள். கேட்டில் ஒட்டியபோது என் தமிழ்மேல் எனக்குப் பெருமை வேறு.

முதல் தொடக்கம்: அன்று தெருவில் ஒரு நாய்கூட...

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

2

நோட்டீஸ் ஒட்டிய ஒன்பதாம் நாள் காலை வாட்ச்மேன் போன் செய்தார்.

"சார், மூணாவது மாடி கண்டக்டர் ஐயாவோட பொண்ணு வந்திருக்காங்க. பொண்ணு வெளியாளா, உள்ளாளா?"

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, தனியாக இருந்தார். மறதி தொடங்கியிருந்தது. மகள் நர்ஸ், காய்ச்சல் வார்டில் வேலை. அந்த வார்டை நினைத்துத்தான் நானே கேட்டுக்கு இறங்கிப் போனேன்.

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். "கதவுக்கு வெளியவே நிக்கிறேன் சார். என் குரலைக் கேட்டாத்தான் சாப்பிடுவார்."

"நாப்பத்திரண்டு வீடு இருக்கும்மா. உனக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்."

(இங்கே அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மாத்திரைகளை வாட்ச்மேனிடம் கொடுத்து, எந்த வேளைக்கு எது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.)

3

இனி தராசு. பக்கத்து பிளாக்கில் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான்கு பேர் கொரோனாவில் போய்விட்டார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவர்கூட இல்லை. முதுகில் தட்டிக்கொள்வதென்றால் இந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

நான்கு மாதம் கழித்து கேட் திறந்தது. மகள் மாடிப்படியில் ஓடினாள். நல்லது செய்தவன்போல நானும் பின்னாலேயே போனேன். பிறந்ததிலிருந்து அவளை 'வாடி' என்றே கூப்பிட்ட அப்பா எழுந்து வழிவிட்டார்.

"ஏறுங்கம்மா. நீங்க எங்க போகணும்?"

அந்த 'நீங்க'வைக் கேட்டு நான் நொறுங்கிப்போனேன். அவள் அசையாமல் நின்றாள்.

மறதி எப்படியும் முற்றியிருக்கும் என்றார் டாக்டர். அவளை உள்ளே விட்டிருந்தால் ஒருவேளை நோயும்...

(மூன்று நாளாக இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் நான் தப்பித்துவிடுவேன்.)

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் என்னை மன்னிக்கிறாள். மற்றதில் என் சட்டையைப் பிடிக்கிறாள். எது சரி என்று கேட்டு வரைவை அவளுக்கே அனுப்பினேன். நேற்று மதியம் போன் வந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா கதையில உங்க அம்மாவைக் காணோமே?"

உண்மைதான். எண்பத்து மூன்று வயது, நுரையீரல் பழுது, என் வீட்டு உள்ளறை. நோட்டீஸ் எழுதிய அன்று நான் நாற்பத்திரண்டு வீட்டையும் நினைக்கவில்லை. அந்த ஓர் அறையைத்தான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் எழுதுவேன் என்று தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது.

"நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவளுக்கும் கேட்டிருக்கும். நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒரு பதில் தோன்றினால், அதை அவளிடம் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.