பத்தொன்பதுக்குக் கீழே

கடைக்காரன் எதைக் கையில் எடுத்து நம் பக்கம் தள்ளுகிறானோ அதை வாங்காதே. மூக்கையாவுக்குத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான். வத்தேகமவில் பிரேக் கராஜ் போட்டு இருபத்தேழு வருஷம் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் பிழைத்தார். மருந்துக்கடையிலும் அப்படி, மீன்கடையிலும் அப்படி. மகள் ஞானேஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, தரகன் வாய் ஓயாமல் புகழ்ந்த இரண்டு பேரை விட்டுவிட்டு, "இது உங்களுக்குச் சரிவராதுங்க" என்று அவன் ஒதுக்கிய முத்துலிங்கத்தைத்தான் பிடித்தார். முத்துலிங்கம் தங்கமான பிள்ளையாக அமைந்துவிட்டான். அதில் மூக்கையாவுக்குச் சட்டத்தின்மேல் இன்னும் பிடிப்பு ஏறிப்போனது.

முத்துலிங்கத்துக்குக் கண்டியில் மேசை முன்னால் உட்காரும் கந்தோர் வேலை. அவனிடம் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் அதில் வேலைக்குப் போவான். சில சனிக்கிழமைகளில் அதே காரைக் குருநாகலுக்கு அப்பால் உள்ள ரேஸ் திடலுக்குக் கொண்டுபோய் விரட்டுவான். ஞானேஸ்வரியும் கூடப் போய் ஓட்ட நேரம் பார்க்க மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் திடலில் ஓட்டி ஓட்டித்தான் முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, சிலந்திக்கால் மாதிரி வெடிப்பு விட்டிருந்தன. அடுத்த ஓட்டம் சனிக்கிழமை. அந்த வருஷம் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வியாழக்கிழமை மாமனும் மருமகனும் கிளம்பினார்கள். கண்டியில் ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு சோடியை எடுத்து வைத்தார். புத்தம் புதுசு. முகம் பார்க்கலாம். டிஸ்க் முழுக்க வரிசையாகத் துளை.

"இது என்ன மாப்புள, இடியாப்பத் தட்டா?" என்றார் மூக்கையா.

"ரேஸுக்கு இதுதான் அண்ணே. ஓட்ட வழியா சூடு போயிரும்" என்றார் கடைக்காரர்.

"சூடு போவும். பொறகு ஓட்டைக்கு ஓட்ட வெடிப்பு ஓடும். அதையும் சேத்துச் சொல்லுங்களேன்."

முத்துலிங்கம் சிரித்துவிட்டான். அந்த விஷயத்தில் மூக்கையா சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் வினை.

அங்கிருந்து கலகெதரைக்குப் போனார்கள். ஊரைத் தாண்டி, குருநாகல் வீதி இறக்கத்தில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், பளீலின் பழைய சாமான் யாட் இருக்கிறது. பளீலுக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமான மனுஷன், ஊருக்கெல்லாம் 'நானா', அதாவது அண்ணன். காரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு சோடி டிஸ்க் கொண்டுவந்து சாக்கின் மேல் வைத்தார். ஒன்று புதுசு. துளையும் இல்லை, கோடும் இல்லை, பெட்டியும் இல்லை, கிரீஸ் பூசியிருந்தது. மற்றது ஜப்பானில் இருந்து பாதியாக வெட்டி வந்த காரில் கழற்றியது. துருப் பிடித்திருந்தது.

"பாஸ், ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஒரே காரெண்டா இந்தப் புதுசத்தான் எடுங்க" என்றார் பளீல். "பழசு ரோட்டுக்குப் போதும். இப்ப கனம் இருவது மில்லிமீட்டர் ஈக்குது. பத்தொம்பதுக்குக் கீழ போனா எறிஞ்சிரணும். லேத்துல வெச்சு சீவவும் வாணாம். சீவ அதுல ஒண்டுமில்ல."

மூக்கையாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். இவன் புதுசை என் தலையில் தள்ளுகிறான்.

அவர் பழைய டிஸ்க்கைக் கம்பியில் கோத்துத் தூக்கிப் பிடித்து ஸ்பேனரால் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீரென்றது. மற்றதையும் தட்டினார். அதுவும் கணீரென்றது. வெடிப்பு இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வரும். பிறகு காரில் இருந்த டிஸ்க்கின் விளிம்போடு கைவிரலால் ஒப்பிட்டுப் பார்த்தார். இது அதைவிடக் கனம்தான். அது எவ்வளவு தேய்ந்துபோனது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"இதக் கட்டுங்க. பழசு."

"பாஸ், சத்தம் வெடிப்பத்தான் சொல்லும். கனத்தச் சொல்லாது."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க நானா. பில்லுப் போடுங்க. என்ன சாமான், என்ன பேச்சு, போன் நம்பரு, எல்லாம் எழுதணும். நாளைக்கி நான் விக்கவேயில்லன்னு சொல்லிருவீங்க."

"கள்ளனுக்கிட்ட பில்லுக் கேக்கிற மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தபடி பளீல் எழுதிக் கொடுத்தார். மூக்கையா அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் முத்துலிங்கம் கேட்டான். "மாமா, அந்தாளு சொன்னது உண்மையா இருந்தா?"

"மாப்புள, நானும் கடக்காரன்தான். இதே கதைய நான் எத்தன பேருக்குச் சொல்லி வித்திருக்கேன் தெரியுமா?"

முத்துலிங்கம் கியரை மாற்றிவிட்டு, "மாமா சொன்னா சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிஸ்க் இரண்டையும் லேத்தில் ஏற்றினார். துரு மேலோடு போகவில்லை. அம்மைத் தழும்பு மாதிரி உள்ளே குழி குழியாக இறங்கியிருந்தது. குழி மறையும் வரைக்கும் சீவினார். ஒரு குழி மறைந்தால் பக்கத்தில் இன்னொன்று கண்ணைக் குத்தும். அதையும் சீவினார். கடைசியில் இரண்டும் வெள்ளித்தட்டு மாதிரி வந்தன.

கனம் அளக்கும் வேனியரை எடுத்து ஒரு டிஸ்க்கைக் கவ்வி, திருகைப் பூட்டினார். பூட்டியபடியே கொண்டுபோய் மற்ற டிஸ்க்கில் நுழைத்தார். இழைத்தாற்போல் நுழைந்தது. அவர் அளக்கும் விதம் அதுதான். எண்ணைப் பார்க்கவே மாட்டார். வலதும் இடதும் ஒன்றாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்காது, வாடிக்கைக்காரன் திரும்பி வந்து கத்தமாட்டான். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு அந்தப் பொடிக் கோடுகளோடு மல்லுக்கட்டுவதில் இஷ்டம் இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்.

ஞானேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "எத்தனப்பா இருக்கு?"

"ஒண்ணா இருக்கு."

"எத்தனன்னு கேட்டேன்."

"போ புள்ள அங்கிட்டு. ரெண்டும் ஒண்ணா இருக்குன்னேன்ல."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் போனது. ஞானேஸ்வரி கண்ணாடியை இறக்கிக் கை காட்டினாள். மூக்கையா பெடல் மிதிபடும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். நல்ல சத்தம்.

ஏழரைக்கு ஒரு வேன்காரர் வந்தார். வேனின் டிஸ்க்கை அளக்க மூக்கையா வேனியரைத் தூக்கினார். வேனியரின் வாய் திறக்கவில்லை. நேற்றுப் பூட்டிய திருகு பூட்டியபடியே கிடந்தது. திருகை இளக்கப் போனவர், வெயில் வெளிச்சம் கோட்டின்மேல் விழவும், என்னவோ நினைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

பதினேழு. பதினேழைத் தாண்டி ஒரு பாதி.

உடுத்திருந்த சாரத்தால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பதினேழரை. அந்த இரும்புக்கு அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சே இல்லை. அது எதையும் விற்கவும் வரவில்லை.

பளீல் என்ன எண் சொன்னான்? பத்தொன்பதா, பதினாறா? காதில் வாங்கியிருந்தால்தானே நினைப்பு வரும்! பில். பில் சட்டைப்பையில். சட்டை எங்கே?

"வடிவு! ஏய் வடிவு! என் சட்ட எங்க?"

"தொவைக்க ஊறப்போட்டேன்" என்று பின்பக்கமிருந்து மனைவி வடிவம்மாவின் குரல் வந்தது.

வாளிக்குள் கையை விட்டார். பில் பிட்டு மாதிரி ஊறிக் கையோடு வந்தது. கல்லின் மேல் விரித்து, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தார். 'பழைய டிஸ்க் 2. ரோட்டுக்கு மட்டும். சீவக்கூடாது. 19க்குக் கீழே ஆகாது.' அவர் கேட்டபடியே, பேச்சையெல்லாம் எழுதியிருந்தான் அந்த மனுஷன்.

மருமகனுக்குப் போன் அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையில் போன் பிடிக்கக்கூடாது என்று அவனுக்கு ஆணையிட்டு வைத்தவர் இவர்தான். மகளுக்கு அடித்தார். அந்தப் போன் வீட்டுக்குள்ளே அலுமாரி மேலிருந்து பாடியது. வடிவம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து, "மறந்துட்டுப் போயிருச்சு" என்றவள், புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பில்லில் இருந்த நம்பரில் கடைசி இலக்கம் கரைந்திருந்தது. மூன்றா எட்டா? மூன்றைப் போட்டார். யாரோ ஒரு பெண் சிங்களத்தில் திட்டினாள். எட்டைப் போட்டார்.

"ஹலோ, பளீல்."

"நானா, நான் மூக்கையா. வத்தேகம."

"என்ன பாஸ், டிஸ்க்கத் திருப்பித் தரப் போறீங்களா?"

"சீவிட்டேன் நானா."

"எத்தனைக்கு?"

"பதினேழரை."

"யா அல்லாஹ்! கழட்டுங்க மனுஷன்!"

"கார் போயிருச்சு நானா. மக உள்ள இருக்கு. அரமணிக்கு மேல ஆச்சு. போன் எடுக்க மாட்டேங்குதுக. ஒங்க வாசலத் தாண்டித்தான் எறக்கத்துக்குப் போவணும். மறிச்சிருங்க. நான் அன்னிக்குப் பேசுனதெல்லாம்... ஒங்க கால்ல விழுறேன் நானா, மறிச்சி..."

போனில் காசு முடிந்து தொடர்பு அறுந்தது. பளீல் எவ்வளவு கேட்டாரோ, என்ன நினைத்தாரோ, ஒன்றும் தெரியாது.

தெருவுக்கு ஓடினார். வேனியர் கையிலேயே இருந்தது. தெருமுனையில் நின்ற சண்முகநாதனின் த்ரீவீல் ஆட்டோவில் தாவி ஏறி, "கலகெதர. பறக்க விடு" என்றார்.

"ஏன் மாமா, பொண்ணு பாக்கவா?" என்று ஆரம்பித்த சண்முகநாதன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் வண்டியை விரட்டினான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் நகரவில்லை. மூக்கையா இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தார், பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் ஒரு காலை வெளியே வைத்தார். சண்முகநாதன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான். பாலம் தாண்டிய பிறகு ஒவ்வொரு வளைவிலும் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, ரோட்டோரத்துப் பள்ளத்தைத்தான் பார்த்தார். சிவப்பாக எது தெரிந்தாலும் எட்டிப் பார்த்தார். ஒரு வாசலில் காயப்போட்ட சேலை. ஒரு தபால் பெட்டி. ஒரு தண்ணீர்த் தாங்கி.

பளீல் மறிப்பானா? மூக்கையா தன்னையே கேட்டுக்கொண்டார். என்னைக் கள்ளன் மாதிரி ஒருவன் நடத்தி, என் பேச்சை மதிக்காமல் போய், இரண்டாம் நாள் போனில் கத்தினால் நான் எழும்பிப் போயிருப்பேனா? பொய் சொல்ல முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

யாட் வந்தது. கேட் சாத்தியிருந்தது. வாசலில் ஆளும் இல்லை, காரும் இல்லை.

"மாமா..." என்றான் சண்முகநாதன்.

"போ. கீழ போ" என்றார்.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் இரும்பு காய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அந்த நாற்றம் அவருக்குத் தெரியும். மூன்றாவது வளைவில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள்.

சிவப்புக் கார் மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. அதன் மூக்குக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. முன் சக்கரம் இரண்டிலும் புகை. யாரோ போத்தல் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஊத்தாதீங்க! சூட்டுல தண்ணி ஊத்தினா சிதறும்!" என்று ஒரு குரல் கத்தியது. பளீலின் குரல். கான்கட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கை கிழிந்து இரத்தம். ஞானேஸ்வரி தன் சால்வையை அதில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முழுசாக இருந்தாள். முத்துலிங்கமும் நின்றுகொண்டிருந்தான்.

மூக்கையா த்ரீவீலை விட்டு இறங்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பாலத்து நெரிசல்ல மாட்டிப் பிந்தித்தான் வந்தாங்க. நான் கேட்டச் சாத்திட்டு ரோட்டுக்கு வாறதுக்குள்ள தாண்டிட்டாங்க" என்றார் பளீல், யாரையும் பார்க்காமல். "பைக்க எடுத்து முந்திப் போய்க் குறுக்க போட்டேன். குதிக்கத்தான் கொஞ்சம் பிந்திட்டு. அவரும் மிதிச்சார். நிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் எடுத்துது பாத்தீங்களா?"

ரோட்டில் டயர் கறுப்பு நீளமாகக் கிடந்தது. சூடு ஆறியதும் சக்கரத்தைக் கழற்றினார்கள். நேற்று வெள்ளித்தட்டாக இருந்த டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. போல்ட் துளையில் இருந்து விளிம்பு வரைக்கும் ஒரு மயிர்க்கோடு. முத்துலிங்கம் ஸ்பேனரால் தட்டினான். ஓட்டைப் பானை.

"எத்தனன்னு கேட்டேன்லப்பா" என்றாள் ஞானேஸ்வரி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நானா..." என்று மூக்கையா பளீலின் பக்கம் திரும்பினார்.

"விடுங்க பாஸ். பில்லு வாங்கிட்டுப் போனீங்களே, அதுக்குச் சந்தோசம். வேற ஆளெண்டா நம்பர் இல்லாமப் போயிருக்கும்."

அது குத்தலா ஆறுதலா என்று மூக்கையாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் அவருக்கு உரியதுதான்.

ஓட்டத்துக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் கார் வீட்டுக்குப் போகவேண்டுமே. பளீல் சாவியைக் கொடுக்க, சண்முகநாதன் யாட்டுக்குப் போய் அந்தப் புதுச் சோடியை ஏற்றிவந்தான். கிரீஸ் துடைத்து மூக்கையாவின் முன்னால் வைத்தார்கள். பளீல், "நான் ஒண்டும் தள்ளல்ல பாஸ். நீங்களே பாத்து எடுங்க" என்றார்.

மூக்கையா வேனியரின் திருகை இளக்கினார். வழியெல்லாம் இறுக்கிப் பிடித்து வந்ததில் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. டிஸ்க்கின் பக்கம் குனிந்தார்.

"குடுங்க மாமா" என்றான் முத்துலிங்கம்.

கேட்டது மரியாதையாகத்தான். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வெளிச்சத்துக்குத் திருப்பி அளந்து, "இருவத்தொண்ணு" என்று உரக்க வாசித்தான். மற்றதையும் அளந்து வாசித்தான். "இருவத்தொண்ணு." பிறகு முதல் டிஸ்க்கை எடுத்து இன்னொரு தரம் அளந்தான்.

மூக்கையா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டாம் அளவை அவருக்கு நன்றாகத் தெரியும். நம்பிக்கையில்லாத ஆள் கொடுத்த சாமானை அவர் அப்படித்தான் இரண்டு தரம் பார்ப்பார். டிஸ்க் பளீலுடையது, வேனியர் அவருடையது.