முதல் மிடறு

மா என்ற எல்லை ஆற்றைத் தாண்டிவிட்டால் சீனச் சீமை. அங்கே மன்னரின் கை நீளாது. லெக்மோவின் பிரபுக் குலத்தை ஒரே மாதத்தில் வேரோடு அறுத்த கை அது. அண்ணன்மார் ஐந்து பேரும் போய்விட்டார்கள்; மிச்சம் அவள் ஒருத்தி. அழுக்குத் தோலங்கியைப் போர்த்திக்கொண்டு, மேய்ப்பன் வேஷம் போட்ட தன் குதிரைக்காரன் கர்போவுக்குப் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு துறைக்கு வந்திருந்தாள்.

நடந்து வந்த பத்து நாளும் வழியெல்லாம் அவனுக்குப் பாடம்தான். "வாங்கம்மான்னு சொல்லித் தொலைக்காதே. வாடின்னு சொல்லு." பாவி மனிதன், ஒவ்வொரு 'டி'க்கும் வியர்த்துப்போனான்.

துறைத் தலைவன் மன்னரின் ஆள், கெட்டிக்காரன். கேள்வியே கேட்கவில்லை. பார்லிக் கள்ளை மொண்டு, "குளிருக்கு இதமா இருக்கும், குடிம்மா" என்று லெக்மோவிடம் நீட்டினான். அவள் வாங்குவதற்குள் கர்போவின் கை முந்திக்கொண்டது. ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். குதிரையோடு இதுவும் அவன் பொறுப்பு: அவள் வீட்டார் விஷத்துக்கு அஞ்சி இருபது வருஷமாக அவனிடம் விட்டிருந்த வேலை. வாய்க்குப் பாடம் சொன்னவள் கைக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

"எந்த மேய்ப்பன் வீட்டுலய்யா புருஷன் ருசி பார்த்துப் பெண்டாட்டிக்குக் குடுக்கிறான்?" என்றான் தலைவன்.

 லெக்மோ கர்போவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ருசி பார்த்தானா? நல்லாச் சொன்னீங்க. எனக்குன்னு எது வந்தாலும் பாதி இவன் தொண்டையிலதான். சண்டையில ஓடினவனுக்குக் கோழைன்னு நரிவால் கட்டுறீங்களே, இவன் கழுத்துல கள்ளுப்பானையக் கட்டுங்க ஐயா."

படகுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவன் சிரிக்கவில்லை. வேறொரு பானையிலிருந்து மொண்டான். "அப்போ இது முழுசும் உனக்கு."

பிறர் ருசி பார்க்காத எதையும் அவள் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. அண்ணன்மாரில் இருவர் கிண்ணத்தால்தான் செத்தார்கள். ஆனால் ஒரு மூச்சு தயங்கினாலும் இங்கே தலை போய்விடும்.  கடகடவென்று குடித்துவிட்டு, விளிம்பையும் நக்கினாள்.

"போங்க" என்றான் தலைவன், அலுப்போடு.

தோல்படகு அக்கரை சேர்ந்தது.

"வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான் கர்போ.

"புளிக்குது. வேற ஒண்ணுமில்ல."

துறையில் ஒரு சீனத்தி சூடாகக் கூழ் கொடுத்தாள். பழக்கம் விடுமா, அவன் கை நீண்டது. லெக்மோ அதைத் தட்டிவிட்டு, தானே ஒரு மிடறு குடித்தாள். சற்றுப் பொறுத்தாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. குடி."