ஒரே போகிதான்

எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் ஒரே போகியில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு மேலே. எனக்குக் கீழே. கீழே என்றால் கீழ்ப் படுக்கை இல்லை. பெட்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில்.

மகள் பகவதியை முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருமகன் போன் செய்தார். கிடைத்த வண்டியில் போக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம்.

“ஒரே போகின்னுதான சொன்னாவ” என்று பிளாட்பாரத்தில் டி.டி.ஆரிடம் கேட்டேன்.

“ஒரே போகிதான் சார். அம்மாவுக்கு ஜனங்க சொல்ற போகி. உங்களுக்கு இங்கிலீஷ்காரன் சொன்ன போகி.”

“ரெண்டும் வேறயா?”

“நாம பெட்டியைப் போகிங்கறோம். அவன் அடியில இருக்கற சக்கரச் சட்டத்தைத்தான் அப்படிச் சொன்னான். இன்னைக்கு ரெண்டும் செல்லும்.”

“மாத்திக்கிட முடியாதா?”

“சீட்டுன்னா மாத்தித் தருவேன். இது வார்த்தை. எனக்கு அதிகாரம் கிடையாது.”

செண்பகம் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள். “விரிச்சு உக்காருங்க. வம்பு பண்ணிக்கிட்டு நிக்காதிய. வண்டி எடுத்துரப் போறான்.”

குனிந்து உள்ளே போனேன். என் இருக்கை எண்ணை இரும்பில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். நல்ல கையெழுத்து. எதிரே பட்டு வேட்டி கட்டிய ஒருவர் இலையில் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்களும் இங்கிலீஷா?” என்று கேட்டேன்.

“நான் தமிழ். யோகி, போகி, ரோகின்னு சொல்லுவாங்கள்ல? அதுல நடு ஆளு. சுகத்தை அனுபவிக்கிறவன். என்கிட்ட டிக்கெட் கேக்க மாட்டாங்க.”

இலையை என் பக்கம் நீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை.

வண்டி ஓடியது. ஜல்லி பறந்தது. தலைக்கு மேலே செண்பகத்தின் குதிகால் தட்டியது.

“ஏங்க, இருக்கியளா?”

“இருக்கேன்.”

“தூசி அடிக்கா?”

“அடிக்கு.”

“அப்பம் வாயைத் திறக்காதிய.”

அதன் பிறகு யாரிடமோ பேசினாள். எங்க வீட்டுக்காரரும் இதே போகிலதான் வாராவ என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெட்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இட்லிப் பொட்டலம் ஒன்று இறங்கியது. பட்டு வேட்டிக்காரர் அதையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு ஜங்ஷனில் வண்டி நின்றது. பெயர்ப்பலகையில் ஜங்ஷன் என்று மட்டும் எழுதியிருந்தது. ஆட்கள் வந்து பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஜாக்கி வைத்தார்கள். என் தலைக்கு மேலிருந்த கூரை மெதுவாக உயர்ந்தது. வெயில் உள்ளே வந்தது.

“என்ன செய்யறீங்க?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“இங்கேருந்து தண்டவாளம் அகலம் கம்மி. பெட்டி வேற சக்கரத்துல போவும். இந்தச் சக்கரம் நிக்கும்.”

“நான் போகணும்யா. பொண்ணுக்குப் பிரசவம்.”

“உங்க போகி போவுதே.”

“நான் இதுல இருக்கேன்.”

“இதுவும் உங்க போகிதான். இது நிக்கிது.” அவர் அன்பாகத்தான் சொன்னார்.

இறங்கப் பார்த்தேன். இறங்கினால் டிக்கெட் இல்லாத ஆளாகிவிடுவீர்கள் என்று மேஸ்திரி எச்சரித்தார். டிக்கெட் இல்லாதவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் என்னைச் சுற்றிலும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். யாரும் இல்லை.

“பாத்தீங்கள்ல?” என்றார்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பட்டு வேட்டிக்காரர் எழுந்து வாயைத் துடைத்தார். வீட்டு மாடிப்படி ஏறுவதுபோல் தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் ஏறிவிட்டார். சற்று நேரத்தில் செண்பகத்துக்குப் பக்கத்து ஜன்னலில் தெரிந்தார். எனக்குக் கையசைத்தார்.

வேறு சக்கரங்கள் வந்தன. பெட்டி அவற்றின்மேல் உட்கார்ந்தது. அந்தச் சக்கரங்களுக்கு நடுவிலும் ஒருவர் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

செண்பகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “பின்னாலயே வந்துருங்க, என்ன?”

“எதுல ஏறி வாரது?”

அவளுக்குக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வண்டி வளைவில் திரும்பியது. கடைசிப் பெட்டி போன பிறகும் நான் ‘செண்பகம்’ என்று கூப்பிட்டேன். தண்டவாளம் கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது.

ஆட்கள் என்னைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பெரிய மைதானம். வரிசை வரிசையாகச் சக்கரச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஏறக்குறைய என் வயது. சிலர் சவரம் செய்துகொண்டார்கள்.

ஒரு பெண் கிழிந்த பாயோடு வந்தாள். பின்னால் வேறு சில பெண்கள் முறம், துடைப்பம், உடைந்த நாற்காலி எல்லாம் தூக்கி வந்தார்கள்.

“கேட்டுல போகின்னு எழுதியிருக்கு. பழசை இங்கதானே கொளுத்தணும்?” என்றாள்.

“இது அந்தப் போகி இல்லம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க பழசா?”

யோசித்தேன். அதற்குள் பாயை என் மடியில் வைத்துவிட்டாள்.

“இருங்க, தீப்பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்.”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பகவதி என்பவருக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது. தாயும் சேயும் நலம். குழந்தையின் தாத்தா போகியின் எந்தப் பொருளில் இருந்தாலும் உடனே கையை உயர்த்தவும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாயைத் தள்ளிவிட்டு, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் கையைத் தூக்கினேன்.

மைதானத்தில் இருந்த எல்லோரும் தூக்கினார்கள்.