ஆள் சேர்ந்தால்தான் இறங்கும்

"ஒன்பதாவது மாடி காலியாகணும்," என்றார் கர்னல். "அடுத்த வாரத்துக்குள்ள."

கர்னல் பட்டாளத்து வாசலை மிதித்தவர் இல்லை. கடைகளுக்கு வாட்ச்மேன்களை அனுப்பிக் கமிஷனில் பிழைத்தவர். மீசையைப் பார்த்து யாரோ கிண்டலாக வைத்த பெயரை அவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர்.

கூட்டம் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில் நடந்தது. பக்கத்து மாகாணம் இருண்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போயிருந்தன. புதிதாகச் செய்து கொண்டுவர ஒரு வருடமாவது ஆகும் என்றது ரேடியோ. அடுத்தது நாம்தான் என்று சொல்ல ஜோசியர் தேவைப்படவில்லை.

கர்னல் தயாராகத்தான் இருந்தார், அதை மறுக்க முடியாது. டீசல் பீப்பாய், தானிய மூட்டை, உப்பு, தீப்பெட்டி, கேட்டுக்கு இரட்டைக் கம்பி, காவலுக்கு உருட்டுக்கட்டை. மனிதர்களைத்தான் அவர் இன்னும் வடிகட்டி முடிக்கவில்லை.

"கரண்ட் போனா லிப்ட் போச்சு. தானா ஏறி இறங்க முடியாதவங்களைச் சுமக்க இங்க ஆள் இல்லை. அவங்க தண்ணியை ஒன்பது மாடி யார் தூக்குறது? அந்த வீடு காவலுக்கு வேணும். அங்க நின்னா நாலு தெருவும் தெரியும்."

'முடியாதவங்க' என்பது மரியாதைப் பன்மை. அந்தக் கட்டடத்தில் அப்படி இருந்தது ஒரே ஒருத்தி. லிப்ட் மெக்கானிக்கின் தங்கை. கால் இரண்டும் சின்ன வயதிலேயே கைவிட்டுவிட, சக்கர நாற்காலியில் வளர்ந்தவள். ஒரு பிரிட்ஜ் கம்பெனியின் புகார் எண்ணில் வேலை. ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, தேன் தடவிய குரலில் வருத்தம் தெரிவிப்பதுதான் தொழில்.

கர்னல் இவர்களுக்கு அந்நியரும் இல்லை. மூத்த அக்காவின் புருஷன்.

"எங்க போகச் சொல்றீங்க அத்தான்?" அதே தேன் குரல்.

"ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருக்கு. பேசிட்டேன்."

"அங்க மட்டும் கரண்ட் போகாதா?"

"அது அவங்க கவலை. மச்சினிங்கிறதுக்காகச் சலுகை காட்ட முடியாதும்மா. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"தலைவர் சொல்றது நியாயம்தானே," என்றார் பக்கத்தில் இருந்த செயலாளர். அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் விழுந்து வருஷக்கணக்காகிறது.

அக்காதான் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் முன்னால் டம்ளரை வைத்தபோது ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

மெக்கானிக் எழுந்தான். முன்கோபக்காரன். வாடகை பாக்கி வைத்தவனைவிட அவனுக்குத்தான் அந்தக் கட்டடத்தில் எதிரிகள் அதிகம்.

"அவ கரண்ட் இல்லாம இறங்கி ஏறிக் காட்டிட்டா?"

"நீ தூக்கப் போறியா? ஆபரேஷன் பண்ணின வயித்துல தையலே இன்னும் காயலை."

"தூக்கலை. லிப்ட்லதான் வருவா."

கூட்டம் சிரித்தது. ஆமாஞ்சாமி தாமதமாகச் சிரித்து, கடைசியாக நிறுத்தினார்.

"சிரிங்க. லிப்ட் கயித்துக்கு ஒரு முனை இல்லை, ரெண்டு முனை. ஒரு முனைல பெட்டி. மறுமுனைல இரும்பு வெயிட். பெட்டியில நாலு ஆள் நின்னா ரெண்டும் சமம். அதுக்குக் கம்மியா இருந்தா, பிரேக்கை விட்டதும் வெயிட் இறங்கும், பெட்டி தானா ஏறும். அதிகமா இருந்தா பெட்டி இறங்கும். கரண்ட் எதுக்கு?"

கர்னல் மீசையை ஒதுக்கிக்கொண்டார். அவர் மூளைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது.

"சரி. ஞாயித்துக்கிழமை ஒத்திகை. மெயின் சுவிட்சை இறக்கிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள உன் தங்கச்சி கீழ வந்து, மறுபடி வீட்டுக்குப் போகணும். போயிட்டா வீடு அவளோடது. போகலைன்னா மறுநாள் விடுதி வண்டி வரும். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஆறாம் மாடிக்காரர் அந்த வீட்டு பால்கனியின் நீள அகலத்தை அப்போதே விசாரித்தார்.

ஞாயிறு காலை கர்னல் தன் கையாலேயே மெயினை இறக்கினார். கட்டடம் மூச்சை நிறுத்தியது. எதிர்ச் சாரியில் சலவைக் கடையின் இயந்திரம் மட்டும் எப்போதும்போல் கடகடத்துக்கொண்டிருந்தது. ஒத்திகை நமக்குத்தானே, ஊருக்கு இல்லையே.

பெட்டிக்குள் காலி டிரம்களை உருட்டி வைத்து, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய் விட்டுத் தண்ணீர் நிரப்பினான் மெக்கானிக். நடுவில் தங்கையின் நாற்காலி. அந்தக் காலத்து லிப்ட் அது, இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. உள்ளே பேசினால் மேலும் கீழும் கேட்கும்.

"ஒரு தட்டு தட்டினா ஓட்டு. ரெண்டு தட்டினா நிறுத்து," என்றாள் அவள், மோதிரத்தைக் கம்பியில் உரசிப் பார்த்தபடி. "நான் தட்டாம நீயா எதுவும் செய்யாதே. உன் கோபத்துக்கு நான் பாதாளத்துல போய் விழ வேண்டாம்."

"பெரிய மகாராணி."

"ஆமா. பல்லக்கு இரும்புல."

டிங்.

மேலே மோட்டார் அறையில், மெக்கானிக் லிப்ட் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக் கம்பியை நெம்பினான். தண்ணீரின் கனத்தில் பெட்டி மெல்ல இறங்கியது. விட்டு விட்டுப் பிடித்தான். கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது சிலர் கைகூடத் தட்டினார்கள். குழந்தை வைத்திருந்த ஒரு பெண் டிரம்மைத் தொட்டுப் பார்த்து, "தண்ணியும் வந்துடுச்சே," என்றாள்.

கர்னலுக்கு அது பிடிக்கவில்லை.

"இறங்குறது பெரிய வித்தையா? கல்லுகூடத்தான் இறங்கும். ஏறட்டும் பார்க்கலாம்."

டிரம்களை இறக்கினார்கள். பெட்டிக்குள் அவளும் நாற்காலியும் மட்டும். மேலே அவன் பிரேக்கைத் தளர்த்தினால் பஞ்சு மாதிரி பறந்துவிடும். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"என்னங்க, நீங்களும் கூட ஏறுங்க. இல்லன்னா ஏதோ கண்கட்டு வித்தைன்னு நாளைக்கு உங்க ஆளுங்களே பேசுவாங்க."

கர்னலின் மீசைக்கடியில் ஒரு புன்னகை ஓடியது. இதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். கனம் அதிகமானால் ஏறாது என்று அவனே சொல்லிவிட்டானே. தன் உடம்பு எதற்கு இருக்கிறது? சந்தேகத்துக்கு இடமே வேண்டாம் என்று ஆமாஞ்சாமியையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சாட்சிக்கு வர்றோம்மா. உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"தாராளமா வாங்க அத்தான்," என்றாள் தங்கை. பெரிய மனிதரையும் சின்ன மனிதரையும் ஒரு பார்வை எடை போட்டாள். கம்பிக்கு வெளியே நின்ற அக்காவின் முகத்தையும் பார்த்தாள். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

டிங்.

மேலே மெக்கானிக் பிரேக் கம்பியை நெம்பினான். பெட்டி அசையவில்லை. கீழே கர்னல் சிரிப்பது குழிக்குள் எதிரொலித்தது.

"என்ன மாப்ளே, உன் வெயிட்டுக்குச் சாப்பாடு போடலையா?"

மெக்கானிக்குக்குப் புரிந்தது. புரிந்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்தது. அத்தான் கணக்குப் போட்டார், பாதிக் கணக்கு. இன்னும் இரண்டு பேரை ஏற்றியிருந்தால் அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இப்போதோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். சமமாக இருந்தால், மோட்டாரில் மாட்டிச் சுற்றும் கைச்சக்கரத்தைக் குழந்தைகூடச் சுற்றும். வயிற்றுத் தையலுக்கு நோகாமல் சுற்றினான்.

கர்னலின் சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. முதல் மாடி கடந்தது. இரண்டாவது கடந்தது. மூன்றாம் மாடியின் தரை கண் மட்டத்துக்கு வந்து, காலுக்குக் கீழே போய், சுவர் வந்தது.

டிங். டிங்.

பெட்டி நின்றது. முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர்.

"என்னாச்சு?" என்றார் கர்னல்.

"தெரியலையே அத்தான்."

"டேய், சுத்துடா மேல."

மேலே இருந்தவன் மோதிரச் சத்தத்துக்கு மட்டுமே காது கொடுத்தான். உள்ளே இருட்டு. கர்னலின் வேர்வை நெடி பெட்டியை நிரப்பியது.

"ஒத்திகை போதும். மெயினைப் போடச் சொல்லு. என்னம்மா, கீழ இருக்கியா? மெயினைப் போடு."

கீழேயிருந்து அக்காவின் குரல் நிதானமாக வந்தது. "போட்டேங்க. வரலை."

மெயின் சுவிட்சுக்கு எதிரே சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் அவள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்த பார்வையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சலவைக் கடை இயந்திரம் மட்டும் கடகடத்தது.

"வரலைன்னா? நிஜமாவே போயிடுச்சா?" ஆமாஞ்சாமி கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டார்.

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்றாள் தங்கை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். இணைப்பிலேயே இருங்க."

"விளையாடாதே. எனக்கு மூச்சு அடைக்குது."

"காத்து நிறைய வருது அத்தான், கம்பிக் கதவுதானே. எனக்கு அவசரமே இல்லை. நான் எப்பவும் உட்கார்ந்துதான் இருக்கேன். நீங்கதான் நிக்கிறீங்க, அந்த முட்டியை வச்சுக்கிட்டு."

முட்டி. முதல் மாடிக்கே லிப்டில் போகிற மனிதர் அவர்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"வண்டி வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு மட்டும் இல்லை, கட்டடம் பூராவும் கேட்கிற மாதிரி."

நீண்ட நேரம் உறுமினார். பல்லைக் கடித்தார். அக்காளையும் தங்கையையும் சேர்த்து வைத்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையில் திட்டினார். தங்கை வேலை நேரத்தில் கேட்பதைப்போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் முட்டிதான் சரணடைந்தது.

"அவ வீடு அவளுக்கே. யாரும் காலி பண்ண வேண்டாம். வண்டியும் வராது." குழிக்குள் வார்த்தை ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கியது.

"நன்றி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

டிங்.

ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். கர்னல் நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மோட்டார் அறையிலிருந்து மெக்கானிக் பிரேக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"உன்னை என்ன செய்யறேன் பாரு," என்றார் கர்னல். "மாட்டி வச்சு வாங்கின வாக்கு செல்லாது. கரண்ட் வரட்டும், கீழ போய் அத்தனை பேருக்கும் சொல்றேன்."

அதே நேரம் கீழே, வாக்கு கிடைத்த திருப்தியில், அக்கா மெயினை உண்மையாகவே தூக்கினாள்.

எதுவும் வரவில்லை.

இறக்கி மறுபடி தூக்கினாள். அப்போதுதான் அந்த நிசப்தம் அவளுக்கு உறைத்தது. எதிர்ச் சாரியில் கடகடப்பு நின்றிருந்தது. சலவைக்காரர் ஈரச் சட்டையும் கையுமாகத் தெருவுக்கு வந்து, மேலே கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் விளக்கு குருடாகியிருந்தது. தெருக்கோடி வரை ஒவ்வொரு கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"என்னங்க," என்று லிப்ட் குழிக்குள் குரல் கொடுத்தாள் அக்கா. "முன்ன சொன்னது பொய். இப்ப நிஜம். ஊர் பூராவும் போயிடுச்சு."

ஒன்பதாவது மாடி நடைபாதை வரை அது கேட்டது. முதலில் அசைந்தவர் ஆமாஞ்சாமி. தலைவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தடதடவென்று படிகளில் இறங்கினார். அவர் வாயிலிருந்து முதன்முறையாக ஒரு 'ஆமா'கூட வரவில்லை.

கர்னல் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். கீழே வளைந்து வளைந்து இருட்டுக்குள் போயிற்று. ஒரு படி இறங்கினார். முட்டி வெட்டியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரும்பி ஏறினார்.

"மாப்ளே. லிப்டை விடு."

"ஒத்தை ஆளை வச்சுக்கிட்டு இறங்காது அத்தான். டிரம் பூரா கீழ கிடக்கு. சக்கரத்தைச் சுத்தி இறக்க என் வயித்துல தெம்பு இல்லை. கூட நாலு பேர் ஏறினா பெட்டி தானா இறங்கும்."

கர்னல் கம்பிக் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டார். ஆறாம் மாடிக்காரரைக் கூப்பிட்டார். காவலுக்கு உருட்டுக்கட்டை கொடுத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது, டிரம்களை உருட்டும் சத்தம் கேட்டது. டீசல் அறையின் பூட்டை யாரோ உடைக்கும் சத்தமும் கேட்டது.

ஒருவரும் மேலே ஏறி வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. "உள்ள வந்து உட்காருங்க அத்தான். ஜன்னல்கிட்ட நாற்காலி இருக்கு. அங்க உட்கார்ந்தா நாலு தெருவும் தெரியும்."